சாரலில் நனையும் பெஞ்ச்: தேக்கா, அலுமினியமா, கல்லா?

தென்காசியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். ஜூன் பிறந்து சாரல் கட்டிவிட்டால் அப்பாவுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. காலைக் காபியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குத்தான் போவார். அவர் உட்கார அங்கே ஒரு பெஞ்ச் வேண்டும். மேலே கூரை கிடையாது. ஆடி வரைக்கும் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, பங்குனி சித்திரையில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில். இத்தனையையும் தாங்க வேண்டும்.

அதே சமயம் திருவான்மியூரில் அக்காவும் மொட்டை மாடிக்கு இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மாடியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும், அவ்வளவு பக்கத்தில் கடல். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நாலைந்து மாதம் கடை கடையாக விசாரித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்தவெளியில் கிடக்கப்போகிற மரம் என்றால் அது தேக்காகத்தான் இருக்க வேண்டும், அதிலும் வைரம், அதாவது மரத்தின் முற்றிய உள்பகுதி மட்டும். வைரம் கிடைக்கவில்லையா, மரத்தையே விட்டுவிடுங்கள். கல்லும் அலுமினியமும் எவ்வளவோ மேல்.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் "தேக்கு" என்று சொல்லி ஒரு பெஞ்ச் விற்றார்கள். அடர்ந்த பழுப்பில் பாலிஷ் பளபளத்தது. முதல் சாரலிலேயே பாலிஷ் கொப்புளம் விட்டது. அடுத்த வருஷம் அம்மா காலையில் பெருக்கப் போகும்போதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் மாவு சலித்துவிட்ட மாதிரி பொடி கிடந்தது. புரட்டிப் போட்டுப் பார்த்தோம். அடிச்சட்டம் முழுக்க ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள். பாலிஷ் உரிந்த இடத்தில் மரம் வெளேர் என்று இருந்தது. உளுத்துவிட்டது. அதுவும் தேக்குதான், கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தேக்கின் வெளிப்பகுதி, வைரம் பாயாத வெள்ளை. அதில் மாவுச்சத்து இருக்கும், வண்டு அதைத் தேடித்தான் வரும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு மரமே வேண்டாம் என்று அம்மா சொன்னார். சரி, மற்றவற்றை ஒழுங்காகப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று தொடங்கினேன்.

பிளாஸ்டிக் நாற்காலி விலை குறைவு, தூக்கிப் போட எளிது. ஆனால் நிரந்தரமாக வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் அதை உள்ளுக்குள் முறித்துவிடும். மேலே கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டும். அது வந்துவிட்டால் எச்சரிக்கை. ஒரு நாள் கால் விரிந்து ஆளோடு சரியும். வயதானவர்கள் உட்காரும் இடத்தில் இந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன். விசேஷத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வைப்பதற்கு அது போதும்.

இரும்புக்கு ஒரு பெரிய நன்மை, தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. நினைத்த அளவில், நினைத்த உயரத்தில் செய்துகொள்ளலாம். உடைந்தால் அரை மணி நேரத்தில் ஒட்டிவிடுவார்கள். ஆனால் துரு எப்போதும் இரண்டு இடத்தில்தான் தொடங்கும்: வெல்டிங் வைத்த மூட்டிலும், தரையில் ஊன்றிய கால் முனையிலும். வருஷம் தவறாமல் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசுகிற வீடு என்றால் தென்காசியில் இரும்பு நிற்கும். திருவான்மியூரில் நிற்காது. உப்புக் காற்று பெயின்டில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், அதன் வழியாக உள்ளே போய் அடியோடு பெயர்த்துவிடும். எவர்சில்வரில் கூட, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடலோரத்தில் தேநீர் சிந்தின மாதிரி பழுப்புப் புள்ளி விடும். 316 ரகம்தான் அங்கே தாக்குப்பிடிக்கும், விலையும் அதற்கேற்ப.

செயற்கைப் பிரம்பு சோபாக்கள் இப்போது எல்லா மாடியிலும் தெரிகின்றன. வாங்குவதென்றால் பின்னலைப் பார்க்காமல் கவிழ்த்துப் போட்டு உள்சட்டத்தைப் பாருங்கள். உள்ளே இரும்புக் குழாய் என்றால், பின்னல் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு முடித்துவிடும். பின்னலிலும் மட்டமானது இரண்டு கோடையில் வெடித்து நுனி குத்தும். அசல் பிரம்பு வெளியே வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அது தார்சாவுக்குள், கூரைக்குக் கீழே போடும் பொருள்.

அலுமினியம்தான் தேக்குக்கு உண்மையான போட்டி. துருப்பிடிக்காது, கறையான் தொடாது, ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். பவுடர் கோட்டிங் நன்றாக ஏறியிருந்தால் கடலோரத்தில் கூடப் பல வருஷம் கவலையில்லை. வார்ப்பு அலுமினியம் கனமாக இருக்கும், காற்றுக்குப் புரளாது. குழாயில் செய்த மலிவு நாற்காலிகளை மார்கழிப் புயல் மாடியிலிருந்து கீழே தள்ளிவிடும், எனவே கட்டி வைக்க வேண்டும். குறை ஒன்றே ஒன்று, சூடு. அலுமினியம் வெப்பத்தை அப்படியே கைக்குக் கடத்தும். மரமும் அதே வெயிலில் சுடும்தான், ஆனால் அது சூட்டை மெதுவாகத்தான் விடும். சித்திரை மாதம் நாலு மணிக்கு இரண்டின் கைப்பிடியிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்றில் கையை எடுத்துவிடுவீர்கள், இன்னொன்றில் வைத்திருப்பீர்கள்.

கல்லை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு கல் தூண், மேலே ஒரு கருங்கல் பலகை. பேரன் காலம் வரைக்கும் இருக்கும், பராமரிப்பு என்றால் ஒரு வாளி தண்ணீர். செலவும் நல்ல தேக்கு பெஞ்சைவிடக் குறைவாக வருவதுண்டு. தோட்டத்து மர நிழலில் போடுவதாக இருந்தால் கல்லைத்தான் சொல்வேன். கடப்பாக் கல் என்றால் கனமான பலகையாகப் பார்க்க வேண்டும், மெல்லியது குறுக்கே விண்டு போகும். ஆனால் கல்லில் சாய முதுகு இல்லை. சாரல் நாளில் ஈரக் கல்லில் உட்கார்ந்தால் குளிர் இடுப்பில் ஏறும். அப்பாவுக்கு முதுகு வலி. அதனால் எங்கள் புறவாசலுக்குக் கல் ஒத்துவரவில்லை.

மறுபடி மரத்துக்கே வந்தோம். மரம் என்றால் தேக்கு மட்டும்தானா என்று அம்மா கேட்டார், நியாயமான கேள்வி. நம் ஊரில் நல்ல மரங்கள் நிறைய. வேம்பைக் கசப்புக்குப் பயந்து பூச்சி அதிகம் அண்டாது, ஆனால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். வேங்கை உறுதியில் தேக்குக்குக் குறைந்ததே இல்லை, கனமும் கூட; ஆனால் ஈரம் பட்டால் அதிலிருந்து சாயம் இறங்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோய்க்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பவர்களுக்கு அந்த நிறம் தெரியும். வெள்ளை வேட்டியோடு உட்கார முடியாது. பலா வைரம் கறையானுக்கு அசையாது, வீணைக்கே போகிற மரம். எனக்கு அதைக் கூரைக்குக் கீழே வைத்துப் பார்க்கத்தான் ஆசை. பூவரசு தண்ணீரைத் தாங்கும், படகுக்கும் வண்டிக்கும் போட்டார்கள், ஆனால் நேராக நீண்ட பலகை கிடைப்பது அபூர்வம். பனை வைரத்தின் உறுதியைச் சொல்லவே வேண்டாம், நம் முன்னோர் உத்திரம் போட்டதே அதில்தான். ஆனால் சிலாம்பு கிளம்பும், உட்காரும் இடத்துக்கு ஆகாது. ரப்பர் மரத்தில் செய்த சாமான்களை விலை பார்த்து வெளியே போட்டுவிடாதீர்கள். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அதைப்போல இடங்கொடுக்கும் மரம் குறைவு.

தேக்கு இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை எனக்குக் கண்முன் காட்டியவர் எங்கள் தெரு ஆசாரி. எழுபது வயதைத் தாண்டியவர். பட்டறையில் கிடந்த ஒரு பழைய கதவுச் சட்டத்தை எடுத்தார். வெளியே சாம்பல் நிறம், பார்த்தால் விறகு என்றுதான் நினைப்போம். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினார். சுருளாக ஒரு சீவல் எழுந்தது, அடியில் தேன் நிறம். பழைய தோல் பையைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. சீவலை என் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். விரலில் மெழுகு தொட்ட மாதிரி லேசான வழவழப்பு. இழைத்த இடத்தில் செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போல நின்றது.

"நெறத்தப் பாக்காதீங்க தம்பி, முனையப் பாருங்க. நெறம் டப்பாலயும் வரும்" என்றார்.

அந்த வழவழப்புதான் விஷயம். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும், ரப்பர் பாலைப் போன்ற ஒரு பொருளும், கறையானையும் பூஞ்சையையும் விரட்டும் டெக்டோகுயினோன் போன்ற சேர்மங்களும் ஊறியிருக்கின்றன. மரத்துக்குள் சிலிக்கா, அதாவது மணல் சத்து உண்டு. உளி சீக்கிரம் மழுங்குவதற்கு ஆசாரிமார் தேக்கைத் திட்டுவது அதனால்தான். இன்னொரு குணம், நனைந்தாலும் காய்ந்தாலும் தேக்கு அதிகம் உப்புவதோ சுருங்குவதோ இல்லை. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் அகலவாக்கில் ஐந்தாறு சதவீதத்துக்குள்தான் சுருங்கும். வெளியே கிடக்கும் பெஞ்சை அழுகலுக்கு முன்பே தளர்த்துவது இந்த உப்பலும் சுருங்கலும்தான். மூட்டு தினமும் ஆடினால் எந்த மரமும் நிற்காது. தேக்கில் மூட்டு ஆடுவது குறைவு.

கப்பல் கட்டியவர்கள் தேக்கை நாடியதற்கும் இதுவே காரணம். ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கு அப்படி அரிப்பதில்லை. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி, 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் ஆசாரிகள் மலபார்த் தேக்கில் கட்டியது. இருநூறு வருஷம் தாண்டி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் தேக்கு பெஞ்ச் போடும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியதில் கப்பலுக்கும் பங்கு உண்டு. வயதான போர்க்கப்பல்களை உடைத்தபோது கிடைத்த தளப்பலகைகளைக் கொண்டு பெஞ்ச் செய்து விற்றார்கள். கடலில் ஒரு ஆயுள், தோட்டத்தில் இன்னொரு ஆயுள். இதைப் படித்த அன்றுதான் எனக்குப் பழைய மரத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

இப்போது, எந்தத் தேக்கு? கடையில் போய்க் கேட்டால் பர்மா, நிலம்பூர், நாட்டுத் தேக்கு, ஆப்பிரிக்கா என்று வரிசையாகச் சொல்வார்கள். இங்கேதான் ஏமாற்றமும் அதிகம்.

பர்மா தேக்குக்கு இருக்கும் பெயர் நியாயமானது. ஆனால் மியன்மார் 2014-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்றைக்குப் "புது பர்மா மரம்" என்று ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொன்னால், எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். நிலம்பூர்த் தேக்கு புவிசார் குறியீடு பெற்றது. மலபார் கலெக்டராக இருந்த கனோலி 1840களில் அங்கே போட்ட தேக்குத் தோட்டம்தான் உலகத்திலேயே முதலாவது என்பார்கள். அதன் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. கேரள வனத்துறை டிப்போவில் ஏலம் விடும் மரத்துக்குக் கணக்கு இருக்கும், நிதானமாக வளர்ந்த மரம். நம் பக்கம் ஆனைமலையும் ஒரு காலத்தில் தேக்குக்குப் பேர் போனது. மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரித்துவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் என்ற பெயரே.

செங்கோட்டை அறுவை மில்களில் இன்று குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி இறக்குமதி. கானா, நைஜீரியா, தான்சானியா, ஈக்வடார் என்று பல நாடுகளில் தேக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அதுவும் அசல் தேக்கு இனம்தான். "ஆப்பிரிக்கத் தேக்கு" என்ற பெயரில் விற்கும் இரோகோ மட்டும் வேறு மரம். பிரச்சினை இனத்தில் இல்லை, வயதில். இருபது வருஷத்துக்குள் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு, வைரத்திலும் எண்ணெய் முழுதாக ஊறியிருக்காது. ஐரோப்பியத் தர அட்டவணை இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: ஆசியக் காட்டுத் தேக்கு நீடிப்பில் முதல் வகுப்பு, தோட்டத் தேக்கு ஒன்று முதல் மூன்று வரை எதுவாகவும் இருக்கலாம். நம் ஊரில் 1990களில் தேக்கங்கன்று முதலீடு என்று விளம்பரம் பார்த்துப் பணத்தைப் போட்டு இழந்த குடும்பங்கள் எத்தனை! தேக்கு அவசரத்துக்கு வளரும் மரமே இல்லை.

அதனால் எங்கள் பெஞ்சுக்கு நான் தேர்ந்தெடுத்தது பழைய மரம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் நிலை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் கிடைக்கும். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்க அதில் ஒன்றும் மீதி இல்லை. காரைக்குடியில் பர்மா தேக்குத் தூண்களையே பிரித்து விற்கிறார்கள். ஒரு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியிருப்பதைப் பார்த்தபோது மனசு கனத்தது. அவற்றை வாங்கி அறுக்க எனக்குக் கை வரவில்லை. சாதாரண வீட்டு நிலைச்சட்டம் போதும் என்று தென்காசிக்குப் பக்கத்திலேயே எடுத்தோம். பழைய மரத்தில் ஒரு சிரமம், ஆணி. மில்லில் "ஆணி மரமா" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள், ஒரு ஆணி அறுவை வாளின் பல்லையே பேர்த்துவிடும். நானும் ஆசாரியின் மகனும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து காந்தத்தால் தடவித் தடவி நாற்பதுக்கு மேல் பிடுங்கினோம்.

செலவைக் கன அடியில் கணக்குப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. மூன்று பேர் உட்காரும் ஐந்தடி பெஞ்சுக்கு, சாயும் பலகையும் கைப்பிடியும் சேர்த்து, இழைத்த மரமாக ஏறக்குறைய 1.6 கன அடி நிற்கும். கழிவோடு இரண்டரை கன அடி வாங்க வேண்டிவரும். முடிந்த பெஞ்ச் முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். கடையில் தேக்கு பெஞ்ச் வாங்குபவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விலை இரண்டரை கன அடி மர விலைக்குக் கூட வரவில்லை என்றால், உள்ளே இருப்பது முழுக்க வைரம் இல்லை. கவிழ்த்துப் பார்த்து, பாலிஷ் போடாத முனையைக் காட்டச் சொல்லுங்கள். முனையில் ஆண்டு வளையம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளிர் மஞ்சள் பட்டை எங்கேயும் இருக்கக் கூடாது. தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட் என்றால் வெளியே வைக்கும் பேச்சே வேண்டாம்.

செய்முறையில் ஆசாரி சொன்னவற்றை அப்படியே தருகிறேன். மூட்டுகளைத் துளையும் நாக்குமாக இறுக்கி, குறுக்கே மர ஆணி அடிப்பது நல்லது. பசை போடுவதென்றால் மூட்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே போட வேண்டும், தேக்கின் எண்ணெய் பசையை ஒட்டவிடாது. ஸ்குரூ தேவைப்பட்டால் பித்தளை அல்லது எவர்சில்வர். தேக்கு இரும்பை அரிக்காது என்றாலும் மழை சும்மா விடாது, துருக்கறை கோடாக இறங்கும். உட்காரும் பட்டிகளுக்கு நடுவே சுண்டு விரல் நுழையாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அப்புறம் கால் முனை. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது முனை வழியாகத்தான். எங்கள் பெஞ்சின் நாலு காலுக்கும் அடியில் ஒரு சின்னக் கருங்கல் துண்டு கொடுத்திருக்கிறோம். தேக்கு வைரத்தைக் கறையான் விரும்பாது என்றாலும், ஈர மண்ணில் நேரடியாக ஊன்றி வைத்து அதைச் சோதிக்கத் தேவையில்லை.

பாலிஷ், வார்னிஷ் எதுவும் பூசவில்லை. வெளியே கிடக்கும் தேக்கில் வார்னிஷ் உரிந்தே தீரும், பிறகு சுரண்டுவது பெரும்பாடு. தேக்கு எண்ணெய் என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் போன்றவற்றின் கலவை. நிறத்தைக் கொஞ்ச நாள் காக்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் தீனியாகும். சும்மா விட்டால் ஒரு வருஷத்தில் மரம் வெள்ளி நிறச் சாம்பலாக மாறும். வெயில் மேல் தோலை மட்டும் வெளுக்கிறது, அவ்வளவுதான். ஒரு இழைப்பு இழைத்தால் தேன் நிறம் திரும்பிவிடும். எனக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடித்தே இருக்கிறது. வருஷம் இரண்டு தடவை சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பிரஷர் பம்பால் அடிக்காதீர்கள், மென்மையான இழையெல்லாம் பெயர்ந்து மேடு பள்ளமாகிவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை. புதிதாக இழைத்த தேக்கு முதல் சில மழையில் பழுப்புச் சாயம் விடும். சின்ன வயதில் தேக்கங்கொழுந்தைக் கசக்கி மருதாணி வைத்த மாதிரி கையைச் சிவக்க வைத்திருக்கிறோமே, அந்த மரம் சாயம் விடாமல் இருக்குமா? எங்கள் புறவாசல் சிமென்ட் தரை, கழுவினால் போயிற்று. அக்கா வீட்டு மாடியில் வெயிலுக்காகப் பதித்த வெள்ளை டைல்ஸ். அங்கே முதல் மழைக்காலத்தைக் கடக்கும் வரை கால்களுக்கு அடியில் ஏதாவது விரித்து வைக்க வேண்டும்.

அக்காவுக்கு நான் தேக்கைச் சொல்லவில்லை. உப்புக் காற்றுக்குத் தேக்கு பயப்படாது, அது கப்பல் மரம். ஆனால் அவள் வாடகை வீட்டில் இருக்கிறாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தனியாக அவளே எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். முப்பது கிலோ பெஞ்சை யார் தூக்குவது? அவளுக்கு அலுமினியம்தான் சரி. சொந்த வீடு, நகர்த்தாத இடம், பத்து இருபது வருஷம் பார்ப்பவர்கள் என்றால் கடலோரத்திலும் தேக்கைத் தயங்காமல் சொல்வேன். கையில் பணம் குறைவு, மர நிழல் இருக்கிறது என்றால் கல். கூரை போட்ட தாழ்வாரம் என்றால் தேக்குக்கு இவ்வளவு செலவழிக்க வேண்டியதே இல்லை. வேம்பும் பலாவும் அங்கே அழகாக நிற்கும்.

பெஞ்ச் முடிந்தபோது நிலைச்சட்டத்தில் இரண்டடித் துண்டுகள் நாலு மிஞ்சின. ஆசாரி அவற்றை இழைத்து, ஓரம் உருட்டி, அக்காவின் அலுமினிய நாற்காலிகளுக்குக் கைப்பிடியாக மாட்டும்படி துளையிட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் சென்னைக்குப் போகும் பேருந்தில் கொடுத்துவிடப் போகிறேன். எட்டு எவர்சில்வர் போல்ட்டும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.